சட்டசபை வினாக்களின் வரலாறு

விண்ணப்பம் வேறு, வினா வேறு. இவ்விரண்டற்குமுள்ள பேதத்தை நம்மவரிற் பலர் நன்கு உணர்ந்தாரில்லை. குளம் தூர்ந்ததென்றும், சாலை பழுதுற்றதென்றும், மாணவர்க்குரிய உபகாரச் சம்பளம் வந்து சேரவில்லையென்றும் மகஜர் எழுதி, ஊரார் கையொப்பமெல்லாம் திரட்டி, மாலை மரியாதைகளுடன் அதனைப் பெரிய உத்தியோகஸ்தர் கையிற் சேர்ப்பித்துத் திரும்புவது நம் சங்கங்களின் நெடுநாளைய வழக்கம். பெற்றுக்கொண்டவர் புன்னகை புரிவார்; ‘கவனிக்கிறோம்’ என்பார். அதன்பின் அம்மகஜர் எவ்வறையில் எக்கட்டினுள் உறங்குகின்றதென்பதை அறிவார் யார்? சட்டசபை அங்கத்தினர் ஒருவர் முறைப்படி எழுதிக் கொடுக்கும் வினாவின் தன்மையோ இதனின் வேறானது. அவ்வினா ஏற்கப்பட்டால், குறித்த நாளில் மந்திரி விடை கூறியாகவேண்டும். அவ்விடை அச்சாகிச் சபையின் நடவடிக்கைக் குறிப்பில் என்றும் நிற்கும். பொய்யாயிருப்பின் அதற்கு அவர் உத்தரவாதியாவார். இவ்வுரிமை நம் நாட்டிற்கு ஒரே நாளில் வந்ததன்று. அது வந்த வழியையும், வந்தபின் செய்த வேலையையும் சங்க அன்பர்கள் அறிதல் நலமெனக் கருதி இதனை எழுதத் துணிந்தோம்.

இங்கிலாந்தின் பார்லிமெண்டில் இன்னதுதான் முதல் வினா என்று குறிக்கப்படுவது 1721-ம் வருஷம் பிப்ரவரி 9-ந் தேதி பிரபுக்கள் சபையில் கௌப்பர் பிரபு கேட்டதாகும். அதற்கு முந்திய வருஷத்தில் தென்கடற் கம்பெனி என்னும் வியாபார ஸ்தாபனம் முறிந்து, அதன் பங்குகளை வாங்கியிருந்த எண்ணிறந்த குடும்பங்கள் நாசமுற்றன. அக்கம்பெனியின் பொக்கிஷக் கணக்கரான ராபர்ட் நைட் என்பவர் கடல்கடந்து ஓடினார். அவர் பிரஸ்ஸல்ஸ் நகரில் பிடிபட்டதாக எழுந்த வதந்தி மெய்தானா என்று கௌப்பர் கேட்க, ராஜாங்கத்தின் சார்பில் சண்டர்லாந்து பிரபு விடை கூறினார். முதல் வினாவே ஜனங்களின் பணம் போன வழியைப் பற்றியதாயிருந்தமை கவனிக்கத்தக்கது.

நம் நாட்டின் கதை சற்று வினோதமானது. 1853-ம் வருஷத்துச் சாஸனச் சட்டத்தின்படி கல்கத்தாவில் ஏற்பட்ட சட்ட நிரூபண சபையில் இந்தியர் ஒருவருமில்லை. உத்தியோகஸ்தரும் நீதிபதிகளுமே இருந்தனர். அங்ஙனமிருந்தும், அச்சபையார் தம்மை ஒரு சிறு பார்லிமெண்டாகப் பாவித்துக்கொண்டு, நிர்வாகத்தாரைக் கேள்விகள் கேட்கவும், கடிதப் போக்குவரத்துகளைக் காட்டுமாறு கோரவும் தலைப்பட்டனர். சர்க்கார் தாமே நியமித்த சபை தம்மையே விசாரிப்பதைச் சகிக்கவில்லை. 1861-ம் வருஷத்துக் கவுன்சில் சட்டத்தால் அப்பழக்கம் அறவே நிறுத்தப்பட்டது. சட்டம் செய்வதன்றி வேறொன்றும் பேசலாகாதென்று வாய்ப்பூட்டு இடப்பட்டது. இந்தியர் சிலர் அச்சபைகளில் நியமனம் பெற்றதும் அச்சட்டத்தினாலேயே. நாற்காலி அளித்தனர், நாவைக் கட்டினர்.

முப்பது வருஷகாலம் இந்நிலை நீடித்தது. 1885-ல் பம்பாயில் கூடிய முதற் காங்கிரஸ் மகாசபை, சபைகளை விரிவாக்குதலோடு வினாக் கேட்கும் உரிமையையும் வேண்டிற்று. 1892-ம் வருஷத்துச் சட்டம் அதனை ஒருவாறு அளித்தது. அளித்த விதத்தைப் பார்ப்பின் நகைப்புண்டாகும். ஆறு நாட்களுக்கு முன்னதாக அறிவிப்புக் கொடுக்கவேண்டும். விவரம் கோருவதாக மாத்திரமே வினா அமையவேண்டும். வாதம், அநுமானம், நிந்தை யாதும் இருத்தலாகாது. பொது நன்மைக்கு ஒவ்வாததெனத் தலைவர் கருதின் தள்ளிவிடலாம். விடை வந்தபின் அதன்மேல் வாய்திறக்கக் கூடாது. கேள்வியை எழுதிக் கொடுத்து, விடையை வாங்கிக்கொண்டு அமரவேண்டியதே. எனினும் அந்தச் சிறு துவாரத்தின் வழியாகவே வெளிச்சம் புகுந்தது.

அவ்வுரிமையின்படி 1893-ம் வருஷம் பிப்ரவரி 16-ந் தேதி முதல் வினாவைக் கேட்டவர், அயோத்திப் பிரதேசத்து ஜமீன்தாரான பிங்கா ராஜா. வினா எதனைப் பற்றியது? சாம்ராஜ்யத்தின் எல்லையைப் பற்றியதன்று, யுத்தத்தைப் பற்றியதுமன்று. உத்தியோகஸ்தர் சுற்றுப்பிரயாணம் செய்யுங்கால் அவர்தம் முகாமுக்குச் சாமான்கள் கொடுக்கும் கிராமக் கடைக்காரர் படும் இன்னலைப் பற்றியது! அந்நாளில் துரைமார் முகாமிட்டால் அரிசி, பருப்பு, நெய், விறகு, குதிரைகளுக்குப் புல் ஆகிய யாவும் சுற்றுப்புற ஊர்களிலிருந்து வந்து குவியவேண்டும். துரை கிரயம் கொடுத்தாலும் அது இடையிலுள்ள சேவகர் கைகளைக் கடந்து கடைக்காரனிடம் சேரும்போது எவ்வளவாகத் தேய்ந்திருக்குமென்று சொல்லவேண்டுவதில்லை. சிறுகடை வைத்துப் பிழைத்தவர்களின் வழியில் வந்த குடும்பங்கள் நம்முள்ளும் பல உண்டு. அவர்களுக்கு இதன் கசப்பு விளங்கும். கலெக்டரிடம் அழுதால், அழுதவனுடைய கடைக்கே ஆபத்து. ஆகவே அவன் பெயர் வெளிவராமல் அவன் துன்பம் மாத்திரம் ராஜப்பிரதிநிதியின் சபைக்கு வந்து சேர்ந்ததே அவ்வினாவின் சிறப்பு. இன்றும் ஓர் அங்கத்தினர் வாயிலாகக் கேட்பதிலுள்ள பெரும்பயன் இதுவே என்போம்: குறை சொல்பவன் மறைந்திருக்கலாம், குறைக்கு உத்தரவாதியோ மறைய இயலாது.

1909-ம் வருஷத்து மிண்டோ-மார்லி சீர்திருத்தத்தால், வினாவைக் கேட்டவரே விடையின்மேல் ஓர் உபவினாக் கேட்கலாமென ஏற்பட்டது. 1919-ம் வருஷத்துச் சீர்திருத்தத்துக்குப்பின் எவ்வங்கத்தினரும் உபவினாத் தொடுக்கலாயினர். வாய்மொழியாக விடை வேண்டுவோர் தம் வினாவுக்கு நட்சத்திரக் குறியிடும் வழக்கமும் அக்காலத்தில் வந்ததே. சென்னையிலிருந்து மத்திய சட்டசபைக்குச் சென்ற எஸ். சத்தியமூர்த்தி அவர்கள் 1935 முதல் உபவினாக்களிற் காட்டிய சாமர்த்தியம் நாடறிந்தது. வெள்ளைக்கார நிர்வாக அங்கத்தினர்கள் கேள்வி நேரத்தில் அவர் எழுவதைக் கண்டு கலங்கினரென்பர்.

ஆயினும் நாம் இங்கு முக்கியமாக எடுத்துரைக்க விரும்புவது, ஆரவாரமற்ற மற்றொரு வகையை. நட்சத்திரக் குறியில்லாத வினாவுக்கு எழுத்து மூலமே விடை வரும். அதன்மேல் உபவினா இல்லை, கைதட்டல் இல்லை, பத்திரிகைகளிற் படமும் வாராது. மக்கள் சபையில் ஒரு நாளைக்கு வாய்மொழி விடைக்கு 20 வினாக்களே எடுக்கப்படும். அவற்றுள்ளும் நேரம் போதாமல் ஒரு சிலவே சபையில் விவாதத்துக்கு வரும். எழுத்து மூல விடைக்கோ 230 வினாக்கள் வரை இடமுண்டு. குறைந்தது பதினைந்து நாட்களுக்கு முன் வினா கொடுக்கப்பட்டுவிடுவதால், அது சபைக் காரியாலயத்திலிருந்து இலாகாவுக்குச் செல்கின்றது; இலாகாவிலிருந்து கீழ்க் காரியாலயங்களுக்கும், வேண்டின் மாகாண சர்க்கார்களுக்கும் செல்கின்றது. நெடுநாளாய்த் தூசி படிந்த கட்டுகள் அவிழ்க்கப்படுகின்றன. ‘இதற்கு நாம் என்ன எழுதுவது?’ என்று ஒரு குமாஸ்தாவும் அவர் மேலதிகாரியும் தலையைச் சொறியும் அந்த வேளையிலேயே வினாவின் பாதி வேலை முடிந்துவிடுகின்றது. விடை வருமுன்னரே காரியம் நடந்துவிட்ட சந்தர்ப்பங்களும் உண்டு. ‘நடவடிக்கை எடுக்கப்பட்டது’ என்று எழுதுவது, ‘எடுக்கப்படவில்லை’ என்று எழுதுவதினும் எவருக்கும் இனிதன்றோ!

கேட்கும் திறமும் ஒரு கலையே. ‘தாழ்வுற்ற வகுப்பாருக்கு அரசாங்கம் என்ன செய்கின்றது?’ என்று கேட்டால், நாலு பக்கத்தில் திட்டங்களின் பெயர்கள் வரும், வேறொன்றும் வாராது. இன்ன திட்டத்தில், இன்ன வருஷத்தில், இன்ன ஜில்லாவுக்கு ஒதுக்கிய தொகை எவ்வளவு, செலவானது எவ்வளவு, மிச்சம் திரும்பிச் சென்றதாயின் காரணம் யாது என்று (அ), (ஆ), (இ) எனப் பிரித்துக் கேட்பின், ஒவ்வொரு பகுதிக்கும் தனித்தனி விடை எழுதவேண்டிவரும். எழுதாது விட்டால் அவ்விடைவெளியே சாட்சி சொல்லும். அடுத்த கூட்டத்தில் அதே வினாவை மற்றோர் ஆண்டின் கணக்கோடு கேட்டு, இரண்டு விடைகளையும் அருகருகே வைத்துப் பார்ப்பவர்க்கு இலாகாவின் உள்மர்மம் புலப்படும். நம் சங்கத்தார் அங்கத்தினரைக் காணச் செல்லும்போது மகஜரோடு இத்தகைய வினாவொன்றையும் எழுதிக் கொண்டுபோதல் நன்று.

விடை ‘இல்லை’ என்பதாயினும் அதற்கு மதிப்புண்டு. 2020-ம் வருஷம் செப்டம்பரில் கொள்ளைநோயை முன்னிட்டுக் கேள்வி நேரம் நிறுத்தப்பட்டபோது எழுத்து வினாக்கள் மாத்திரம் அனுமதிக்கப்பட்டன. ஊரடங்கின்போது ஒரு கோடிக்கு மேற்பட்ட வெளியூர்த் தொழிலாளர் தம் சொந்த ஊர்களுக்குத் திரும்பினரென்று தொழில் இலாகா விடை எழுதிற்று. வழியில் மாண்டவர் எத்தனை பேர் என்ற பகுதிக்கோ, அத்தகைய கணக்கு வைக்கப்படவில்லையென்று எழுதிற்று. திரும்பியவர்க்குக் கணக்குண்டு, திரும்பாதவர்க்கு இல்லை என்பதை அரசாங்கத்தின் வாக்காலேயே நாடு அறிந்தது. எந்தச் சொற்பொழிவும் அவ்வொரு வரியைப்போல் தைத்ததில்லை.

‘விவரங்கள் திரட்டப்பட்டு வருகின்றன, பின்னர்ச் சபைமுன் வைக்கப்படும்’ என்னும் விடை இலாகாக்களுக்கு மிகவும் பிரியமானது. முன்னாளில் இது தப்பிக்கும் வழியாயிருந்தது. 1953-ம் வருஷம் டிசம்பரில் மக்கள் சபையில் அரசாங்க வாக்குறுதிக் கமிட்டி ஏற்பட்டபின், அவ்வாக்கியம் வாக்குறுதியாகக் குறித்துக்கொள்ளப்பட்டு, மூன்று மாதங்களுக்குள் நிறைவேற்றவேண்டியதாயிற்று. காலம் கடப்பதும் நீட்டிப்புக் கோருவதும் இன்றும் குறையவில்லை. ஆயினும் கணக்கில் ஏறிய கடன் கணக்கில் ஏறியதே.

இனி, ஒரு வினா ஒரு நிதி மந்திரியையே வீழ்த்திய சரித்திரத்தைக் கூறுவோம். 1956-ம் வருஷத்தில் ஆயுள் இன்ஷூரன்ஸ் கம்பெனிகள் யாவும் தேசியமாக்கப்பட்டு, ஆயுள் இன்ஷூரன்ஸ் கார்ப்பொரேஷன் பிறந்தது. விதவைக்கும் குழந்தைக்கும் என்று ஏழை எளியோர் சேர்த்து வைத்த பணம் அதன் பொக்கிஷத்தில் இருந்தது. 1957 ஜூன் மாதத்தில், கல்கத்தாவைச் சேர்ந்த ஹரிதாஸ் முந்திரா என்னும் வர்த்தகர் கையிலிருந்த ஆறு கம்பெனிகளின் பங்குகளைச் சுமார் ரூ.1.24 கோடிக்கு அக்கார்ப்பொரேஷன் வாங்கிற்று. கடனில் மூழ்கியிருந்த மனிதரிடமிருந்து, முதலீட்டுக் கமிட்டியைக் கலவாமல், சந்தை விலையைக் காட்டிலும் மிகுந்த விலைக்கு வாங்கிய வியாபாரம் இது. விஷயம் பத்திரிகைகளிற் கசிந்தது. செப்டம்பரில் டாக்டர் ராம் சுபக் சிங் வினாவை எழுப்பினார். வந்த விடையில் தெளிவில்லை. தெளிவின்மையே சந்தேகத்தை வளர்த்தது. நவம்பரில் மீண்டும் வினா. பெரோஸ் காந்தி அதனைக் கையிலெடுத்துக்கொண்டார். அவரோ ஆளுங்கட்சியைச் சேர்ந்தவர். பிரதம மந்திரி நேருவின் மருமகர். வினாக்களும் உபவினாக்களும் வெளிக்கொணர்ந்த சிறுசிறு துண்டுகளை ஒன்றோடொன்று பொருத்தி, டிசம்பர் 16-ந் தேதி அவர் சபையில் நிகழ்த்திய பிரசங்கத்துக்கு மறுமொழி கூறுவது எளிதாயில்லை.

1958 ஜனவரியில், பம்பாய் ஹைகோர்ட்டுப் பிரதம நீதிபதி சாக்ளா தனி ஒருவராய் விசாரணை செய்ய நியமிக்கப்பட்டார். விசாரணை பகிரங்கமாக நடந்தது. உள்ளே இடமில்லாத ஜனங்கள் வெளியே நின்று ஒலிபெருக்கி வழியாகக் கேட்டனர். பிப்ரவரியில் அறிக்கை வந்துவிட்டது! இக்காலத்து விசாரணைக் கமிஷன்களின் நடையை அறிந்தோர்க்கு இவ்வேகம் கனவுபோல் தோன்றும். கீழிருந்த உத்தியோகஸ்தர் செய்ததேயாயினும் உத்தரவாதம் மந்திரியுடையதே என்றும், இத்தகைய விஷயங்களில் பார்லிமெண்டுக்கு உண்மைகளை ஆரம்பத்திலேயே தெரிவித்துவிட வேண்டுமென்றும் சாக்ளா கூறினார். செப்டம்பரிலேயே முழு விடை வந்திருப்பின் இவ்வளவு தூரம் வந்திராதென்பது எம் அபிப்பிராயம். நிதி மந்திரி டி. டி. கிருஷ்ணமாசாரி அம்மாதத்திலேயே பதவி துறந்தார். சென்னை வாசியாகிய அவரது புத்திக்கூர்மையை எவரும் மறுத்ததில்லை. சில வருஷங்களுக்குப்பின் அவர் மீண்டும் நிதி மந்திரியுமானார்.

அவரைப் பற்றிய மற்றொரு செய்தியையும் இவ்விடத்துக் குறிக்கவேண்டும். வினாவுக்கு விலையும் உண்டென்று வெளிப்பட்ட முதல் வழக்கு 1951-ம் வருஷத்தில் தற்காலிகப் பார்லிமெண்டில் எழுந்தது. எச். ஜி. முட்கல் என்னும் அங்கத்தினர் பம்பாய்த் தங்கம் வெள்ளி வியாபாரிகளின் சங்கத்தினிடம் பணம் பெற்று, அவர்கள் பொருட்டு வினாக்கள் கேட்டல் முதலிய காரியங்களைச் செய்தாரென்பது குற்றச்சாட்டு. அதனை விசாரித்த கமிட்டிக்குத் தலைவராயிருந்தவர் இதே கிருஷ்ணமாசாரிதான். நடத்தை தகாததென்று கமிட்டி கண்டது. சபையிலிருந்து நீக்கும் பிரேரணை முடிவுறுமுன் முட்கல் தாமே ராஜிநாமாச் செய்தார். வியாபார சங்கமொன்று பணப்பையோடு அங்கத்தினரை அணுகியதால் விளைந்தது இது. நம்முடையது போன்ற சங்கங்களை நடத்துவோர் இதனை மறத்தலாகாது. கேட்பவர் கூலியாளாயின் வினாவும் கூலியாளே.

2005-ம் வருஷம் டிசம்பர் 23-ந் தேதி, வினாக் கேட்பதற்குப் பணம் வாங்கியதை ஒளித்துவைத்த காமிராக்கள் காட்டிக்கொடுத்தமையால், மக்கள் சபையினின்று பதின்மரும் ராஜ்ய சபையினின்று ஒருவரும் ஒரே நாளில் நீக்கப்பட்டனர். நீக்கும் அதிகாரம் சபைகளுக்கு உண்டா என்று அவர்கள் தொடுத்த வழக்கில், உண்டென்று 2007 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பளித்தது.