மெடிக்கல் ஷாப் மாத்திரையும் பிணந்தின்னிக் கழுகும்

ராயபுரம், காசிமேடு பக்கம் மெடிக்கல் ஷாப்ல கொஞ்ச நேரம் நின்னு பாருங்க. மீன் கூடை தூக்குறவங்க, மூட்டை ஏத்துறவங்கன்னு யாராவது வந்து, "அண்ணே, இடுப்புப் பிடிப்பு, ரெண்டு மாத்திரை குடு"ம்பாங்க. சீட்டு கேக்காமலே கைக்கு வரும். பல நேரம் அது டைக்ளோஃபினாக்.

காசிநாதுனி நாகேஸ்வர ராவ் 1893-ல் பம்பாயில் அமிர்தாஞ்சன் தொடங்கினப்போ, உடம்பு வலின்னா மேல தேய்க்கிற தைலம்தான். 1899-ல் பேயர் கம்பெனி ஆஸ்பிரினைக் கொண்டுவந்தது. முழுங்குற காலம் ஆரம்பம். டைக்ளோஃபினாக் 1970-களில் வந்தது.

இதெல்லாம் எப்படி வேலை செய்யுதுன்னு 1971-ல்தான் ஜான் வேன் சொன்னார் (1982-ல் நோபல் பரிசு). புராஸ்டாகிளாண்டின் உற்பத்தியைத் தடுக்குதாம். சிக்கலே அங்கதான். வலியைக் கூட்டுற அதே பொருள்தான் இரைப்பைச் சுவரையும் காக்குது, உடம்புல நீர் குறையும்போது சிறுநீரகத்துக்கு ரத்தம் போகவும் உதவுது.

மாட்டுக்குப் போட்ட இந்த மருந்து, செத்த மாட்டைத் தின்ற பிணந்தின்னிக் கழுகுகளின் சிறுநீரகத்தைக் கெடுத்துக் கொன்னது 2004-ல் வெளிவந்தது. 2006-ல் கால்நடைகளுக்கு இந்தியா தடை போட்டது. மனுஷ உடம்பு கழுகைவிட நல்லாவே தாங்கும். ஆனா மே மாச வெயில்ல வேர்த்துக் கொட்டி, வெறும் வயித்துல, தினமும் போட்டா கிட்னிக்கும் வயித்துக்கும் ஆபத்துதான்.

சுளுக்குக்கு முதல்ல வேண்டியது ஐஸ் ஒத்தடமும் ஓய்வும். காசிமேட்டுல ஐஸுக்குப் பஞ்சமில்லை. ஓய்வெடுத்தா அன்னிக்குக் கூலி இல்லை. மாத்திரை விக்கிறது அதனாலதாங்க.