கூட்டுப் பணமும் கைத்தொழிலும்: அம்பாங் வட்டாரப் பெண்கள் வரலாற்றுக்கு ஒரு முன்னுரை

மலேசியத் தமிழர் வரலாற்றைத் தோட்டம், தொழிற்சங்கம், அரசியல் கட்சி ஆகிய மூன்றின் வழியே எழுதிப் பழகிவிட்டோம். இம்மூன்றுக்கும் பதிவேடுகள் உண்டு. அவை பெரும்பாலும் ஆண்கள் எழுதியவை. பெண்கள் தமக்குள் நடத்திய கூட்டுக்கோ பள்ளிக் குறிப்பேட்டின் சில பக்கங்களே ஆவணம். கடைசித் தவணை முடிந்ததும் அதுவும் எறியப்பட்டுவிடும். அம்பாங் போன்ற நகர்ப்புறப் பகுதிகளில் தமிழ்ப் பெண்கள் கைத்தொழில் கற்று நிலைபெற்ற வரலாற்றை இக்கூட்டிலிருந்தே தொடங்க வேண்டும் என்பது நம் கருத்து.

கூட்டின் இயக்கம் எளிது. பன்னிரண்டு பெண்கள் மாதந்தோறும் ஆளுக்கு 100 ரிங்கிட் கட்டினால், ஒவ்வொரு மாதமும் ஒருவர் கைக்கு 1,200 ரிங்கிட் வரும். எடுக்கும் வரிசை குலுக்கலாலோ ஏலத்தாலோ அமையும். வீட்டில் சாவு, பிரசவம் என்றால் வரிசை மாறுவதும் உண்டு. வங்கி கேட்கும் சம்பளச் சீட்டும் பிணையும் இங்கே தேவையில்லை. ஆயினும் கூட்டுத் தலைவி பணத்துடன் மறைந்துவிட்டால் முறையிட இடமில்லை என்பதையும் மறைத்தல் ஆகாது.

இப்பழக்கத்தின் தேவையைக் கூலி வரலாறு விளக்குகிறது. 1920களின் இறுதியில் மலாயாவின் முக்கிய வட்டாரங்களில் இந்தியத் தொழிலாளர்க்கு வகுக்கப்பட்ட நாட்கூலி ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. பின்னாளில் கோலாலம்பூர் விரிவடைய, அதனைச் சூழ்ந்த தோட்டங்கள் வீடமைப்பு நிலங்களாயின. தோட்ட வேலையுடன் தோட்ட வீடும் போயிற்று. புறம்போக்குக் குடிசைக்கும் பின்னர் அடுக்குமாடி வீட்டிற்கும் வந்த பெண்களிடம் பால்மரம் வெட்டும் திறன் இருந்தது. அதற்கு நகரில் விலையில்லை. தையல், பலகாரம், பூமாலை ஆகியனவே வீட்டிலிருந்தபடி செய்யக்கூடிய தொழில்களாயின. பயிற்சி வகுப்பு தையலைக் கற்பிக்கும். எந்திரம் வாங்கித் தராது. அந்த இடைவெளியைக் கூட்டு நிரப்பியது.

1971ஆம் ஆண்டுக் கூட்டு நிதித் தடைச் சட்டம் இவ்வகையில் நம் கவனத்திற்குரியது. கூட்டு, சீட்டு, ஹுவெய், டொன்டைன் எனப் பல பெயர்களை அதன் விளக்கப் பிரிவு அடுக்குகிறது. தமிழ்ச் சொல்லொன்று நாடாளுமன்றச் சட்டத்தின் தலைப்பிலேயே ஏறியது, தடை செய்யப்படுவதற்காக! கூட்டைத் தொழிலாக நடத்துவோரையே அச்சட்டம் குறிவைத்தது. இந்தியாவோ 1982இல் சீட்டுநிதிச் சட்டம் இயற்றி, பதிவும் கண்காணிப்பும் விதித்து முறைப்படுத்தியது. இவ்விரு அணுகுமுறைகளுள் பின்னதே ஏழைப் பெண்களுக்கு உகந்தது எனலாம்.

தடைக்கு 15 ஆண்டுகளுக்குப் பின், 1986இல், சிலாங்கூரின் வடமேற்கில் 'இக்தியார்' சோதனைத் திட்டம் தொடங்கியது. 1987இல் அது அமானா இக்தியார் மலேசியா என்னும் அறநிறுவனமாயிற்று. வங்காளதேசத்துக் கிராமின் வங்கியைப் பின்பற்றி, ஐவர் கொண்ட குழுவின் பரஸ்பர நம்பிக்கையையே பிணையாகக் கொண்டது. கூட்டின் அடிப்படையும் அதுவேயன்றோ? எனினும் அதன் பயன் தமிழ்ப் பெண்களை நெடுங்காலம் போதிய அளவில் எட்டவில்லை. 2024இல் அந்நிறுவனமே 50 மில்லியன் ரிங்கிட் ஒதுக்கி, இந்திய மகளிர்க்கெனத் தனிக் கடன் திட்டம் அறிவித்தது. அதன் பெயர் 'பெண்'.

இத்திட்டத்தின் கணக்குகள் நிறுவனக் கோப்புகளில் நிலைக்கும். முடிந்த கூட்டுகளின் குறிப்பேடுகள் எங்கேனும் எஞ்சியிருப்பின், பெயர்களை மறைத்தேனும் அவற்றைத் துறை நூலகங்கள் திரட்டுதல் வேண்டும். தமிழாசிரியர்கள் தம் மாணவர் இல்லங்களிலிருந்தே இத்தேடலைத் தொடங்கலாம்.