பூந்தோட்டத்தில் இறங்கிய க்ளியோ

கிரேக்கர்களுக்கு ஒன்பது பேர், நமக்கு ஒருத்தி. காவியத்துக்கு, நாட்டியத்துக்கு, நகைச்சுவைக்கு, ஏன், வானநூலுக்குக்கூட ஒரு தேவி என்று அவர்கள் இலாகா பிரித்து வைத்திருந்தார்கள். வரலாற்று இலாகா க்ளியோ என்பவளுடையது. கவிஞன் செய்யவேண்டியதெல்லாம் உரிய தேவியை அழைத்துவிட்டு வாயைத் திறப்பதுதான், பாடுகிறவள் அவள். இன்று அழைப்பார் இல்லை. வேலையற்றுப்போன க்ளியோ, ஏட்டுச் சுருளைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, தன் தொழிலுக்கு இன்னும் மதிப்புள்ள ஊர் எது என்று விசாரித்து, மயிலாடுதுறை-திருவாரூர் பாதையில் பூந்தோட்டம் ரயில் நிலையத்தில் இறங்குகிறாள் என்று வைத்துக்கொள்வோம். நாள், சரஸ்வதி பூஜை.

இறக்கிய இடம் தவறில்லை. பக்கத்தில்தான் கூத்தனூர். அரசலாற்றங்கரையில், கலைமகளையே மூலவராகக் கொண்டு அமைந்த கோயில். தமிழகத்தில் இப்படி அவளுக்கென்றே அமைந்த பழங்கோயில் காண்பது அரிது. அன்று தேவியின் பாதங்களை முன்மண்டபம் வரை நீட்டி அலங்கரித்து, வந்தவர்கள் தாமே மலரிட்டு வணங்க விடுவது இத்தலத்து வழக்கம். ஆயிரக்கணக்கானவர்கள் கையில் எழுதுகோலும் ஏடுமாக நிற்பதைக் கண்டு க்ளியோவுக்குப் புல்லரித்திருக்கும். இத்தனை கவிஞர்களா! அருகிலிருக்கும் தாய்மாரை விசாரித்தால்தான் தெரியும், நிற்பவர்கள் பத்தாம் வகுப்பும் பன்னிரண்டாம் வகுப்பும் எழுதப் போகிறவர்கள் என்பது. வரம் கேட்பது கவிதைக்கு அல்ல, மதிப்பெண்ணுக்கு.

சிரிக்கலாம். ஆனால் க்ளியோ சிரிக்க நியாயமில்லை. ஒன்பது தேவியருக்கும் தாய் நெமோசினி. அந்தப் பெயருக்கு நினைவு என்று பொருள். எழுத்துப் பரவாத காலத்தில் கலை என்பதே நினைவில் நிறுத்துவதுதான். அப்படிப் பார்த்தால், வரலாற்றுப் பாடத்தில் ஆண்டுகளைக் கண்ணை மூடிக்கொண்டு உருப்போடும் நம் பிள்ளைகள்தாம் அசல் கிரேக்க மரபில் நிற்கிறவர்கள்.

ஊரின் பெயரிலேயே கவிஞர் இருக்கிறார். விக்கிரம சோழன், இரண்டாம் குலோத்துங்கன், இரண்டாம் இராசராசன் என 12ஆம் நூற்றாண்டின் மூன்று மன்னர்களுக்கும் அவைப்புலவராக இருந்து மூவருக்கும் உலா பாடிய ஒட்டக்கூத்தருக்குக் கொடையாகக் கிடைத்த ஊர் என்பது மரபு. தக்கயாகப்பரணியில் ஆற்றங்கரையில் உறையும் சொல்லின் தேவியை அவர் வாழ்த்துகிறார். பிழையுடன் பாடியவர்களின் தலையை வெட்டியவர் என்றும் அவரைப் பற்றிக் கதை உண்டு. உண்மையோ பொய்யோ, தேர்வுக் கோயிலின் தலபுருஷராக இவரைவிடப் பொருத்தமான ஆள் கிடைக்க மாட்டார்.

கூத்தனூர்த் தேவியின் கைகளைக் கவனிக்க வேண்டும். சின்முத்திரை, புத்தகம், அக்கமாலை, அமிர்த கலசம். வீணை இல்லை. கங்கைகொண்ட சோழபுரத்து ஞான சரஸ்வதியிடமும் இல்லை. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் ரவிவர்மாவின் அச்சுப் படங்கள் வீட்டுச் சுவர்களுக்கு வந்தபின், வீணையற்ற சரஸ்வதியை நம்மால் அடையாளம் காணவே முடியாமல் போயிற்று. அந்த வீணையும் எந்நாளும் இருந்ததன்று. 24 மெட்டுகள் நிலையாகப் பதித்த இன்றைய வடிவம், 1600 முதல் 1634 வரை தஞ்சையை ஆண்ட ரகுநாத நாயக்கர் காலத்தில் அமைந்தது என்பர். ஆக, வேதகாலத்துத் தேவியின் மடியில் இருப்பது தஞ்சாவூர்த் தச்சர் பலாமரத்தில் கடைந்த வீணை. கிரேக்கத்திலும் இதே கதைதான். தேவியரின் பெயர்களை வரிசையாகச் சொன்ன ஹீசியட் யாருக்கும் இலாகா ஒதுக்கவில்லை. க்ளியோவின் கையில் சுருளும் தாலியாவின் கையில் முகமூடியும் உறுதிப்பட்டது ரோமர் காலத்தில்.

அந்த ஹீசியட் மலையடிவாரத்தில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்தபோது தேவியர் வந்து புன்னை போன்ற ஒரு மரத்தின் கிளையைக் கையில் கொடுத்துக் கவிஞனாக்கினார்களாம். நம் காளமேகத்துக்கு நடந்தது இவ்வளவு கண்ணியமானதன்று. அவர் கோயில் மடைப்பள்ளியில் பரிசாரகர். காதலித்த தாசிக்காகத் திருவானைக்கா கோயிலில் காத்திருந்து தூங்கிப்போனார். அங்கே ஒருவர் நெடுநாள் தவமிருந்தார். அவர் வாயில் உமிழத் தாம்பூலத்துடன் வந்தாள் அகிலாண்டேசுவரி. தவசி அருவருத்து மறுத்தார். வீணாக்குவானேன் என்று தேவி, தூங்குகிறவரை எழுப்பி வாயைத் திறக்கச் சொன்னாள். பிறகு பிறந்தது சிலேடையும் வசையும். தகுதி பார்த்து வரம் தருகிறவள் என்று கூத்தனூரில் நிற்கும் பிள்ளைகளிடம் இந்தக் கதையைச் சொல்லக் கூடாது.

க்ளியோவை அடுத்துத் தஞ்சை அரண்மனைக்கு அழைத்துச் செல்வோம். மியூசியம் என்ற சொல்லுக்கே மியூஸ்களின் இல்லம் என்றுதான் பொருள். அலெக்சாந்திரியாவில் பெயர்பெற்ற நூலகமும் அப்படியோர் இல்லத்தைச் சேர்ந்தது. சென்னை எழும்பூரில் அமைந்த இல்லத்தை நம் முன்னோர் 'செத்த காலேஜ்' என்றார்கள், உயிருள்ள விலங்குகள் இருந்த 'உயிர் காலேஜி'லிருந்து பிரித்தறிய. தஞ்சையில் பெயர் மரியாதையாக அமைந்துவிட்டது: சரஸ்வதி மகால். நாயக்கர் காலத்து ஏட்டுத் தொகுப்பைப் பெருநூலகமாக்கிய இரண்டாம் சரபோஜியின் ஆட்சி 1798 முதல் 1832 வரை. 1918-இல் அது பொதுமக்களுக்குரியதாயிற்று. அரண்மனைத் தர்பார் மண்டபத்தில் சரபோஜி கைகூப்பி நிற்கும் சலவைக்கல் சிலை, லண்டன் சிற்பி ஜான் ஃபிளாக்ஸ்மன் செய்தது. அவர்தான் வெட்ஜ்வுட் பீங்கான்களுக்கு அப்பல்லோவையும் ஒன்பது தேவியரையும் வடித்துக்கொடுத்தவர். 1817-இல் ஹீசியட்டின் நூல்களுக்குப் படம் வரைந்தவரும் அவரே. தன்னைச் செதுக்கிய கை இந்த மண்டபத்தில் இன்னொருவரையும் செதுக்கியிருப்பதைக் கண்டு க்ளியோவுக்கு ஊர்க்காரரைப் பார்த்த மகிழ்ச்சி ஏற்பட்டிருக்கும்.

இந்த வேடிக்கையையெல்லாம் விட்டுவிட்டு அவள் தன் வேலையைத் தொடங்க வேண்டிய இடம் இந்த அரண்மனைதான். ஒன்பது தேவியரில் ஒருத்திகூட எழுதியவள் அல்லள். எல்லோரும் ஆண்களின் வாய்வழியே பேசியவர்கள். எழுதிய பெண் சாப்போவுக்குப் 'பத்தாவது தேவி' என்று பட்டம் கொடுத்தார்கள். தஞ்சையில் பத்தாவது தேவியர் பலர். ரகுநாத நாயக்கரின் அவையில் இருந்த இராமபத்ராம்பா, அவர்மீது ரகுநாதாப்யுதயம் என்ற சமஸ்கிருத காவியம் செய்தார். அந்த அவைப் பெண்கள் பல மொழிகளில் நினைத்தவுடன் கவி சொன்னதையும் அதில் எழுதிவைத்தார். மதுரவாணி இராமாயணம் பாடினார். விஜயராகவ நாயக்கரின் கையால் பொற்காசு அபிஷேகம் பெற்றவர் ரங்காஜம்மா. சொல்லுக்குப் பெண் உருவம் கொடுத்த ஊரில், பெண் சொல்வதையும் ஒரு காலத்தில் அரசர்களும் அவையோரும் அமர்ந்து கேட்டிருக்கிறார்கள்.

மராட்டியர் ஆட்சியில், பிரதாபசிம்மர் (1739-1763) அவையில் முத்துப்பழனி தெலுங்கில் ராதிகா சாந்த்வனம் எழுதினார். கண்ணன் இளாதேவியை மணக்க, ஊடிய ராதையைத் தேற்றுவது பொருள். முகவுரையில் தன் பாட்டி முதலிய பெண்களின் பெருமையைச் சொல்லித் தன் மரபை நிறுவிக்கொண்டார். நூல் 1887-இல் அச்சேறியபோது அந்த முகவுரையும் சில பாடல்களும் விடுபட்டிருந்தன. பெரும் சீர்திருத்தவாதியான கந்துகூரி வீரேசலிங்கம் பந்துலு, ஒரு பெண் இப்படியா எழுதுவது என்று கண்டித்தார். இதே சுவையில் ஆண்கள் எழுதிய நூல்கள் அலமாரிகளில் அமைதியாக இருந்தன என்பதை யாரும் கேட்கவில்லை.

கேட்டவர் ஒருவர்: பெங்களூர் நாகரத்தினம்மா. தேவதாசி குலத்தில் பிறந்த இசைக்கலைஞர். ஏட்டுப்பிரதியைத் தேடியெடுத்து, விடுபட்டவற்றைச் சேர்த்து, 1910-இல் முழுநூலையும் பதிப்பித்தார். ஆபாசம் என்று ஆங்கில அரசு தடைசெய்து படிகளைப் பறித்தது. தடை நீங்கியது 1947-இல், பிரகாசம் பந்துலுவின் முயற்சியால். இடைப்பட்ட முப்பத்தைந்துக்கும் மேற்பட்ட ஆண்டுகளில் கூத்தனூரில் எத்தனை சரஸ்வதி பூஜைகள் நடந்திருக்கும் என்று கணக்கிட்டுக்கொள்ளலாம். நெமோசினியின் பிள்ளைகளுக்கு நம்மிடம் நேர்வது இது: எதை நினைவில் வைப்பது என்பதை நாம் தீர்மானித்துவிட்டு, பிறகு தேவியின் முன் புத்தகத்தை அடுக்குகிறோம்.

நாகரத்தினம்மா தஞ்சைக்குப் புறத்தி அல்லர். திருவையாற்றில் காவிரிக்கரையில் பழுதுபட்டுக் கிடந்த தியாகராஜரின் சமாதியைக் கண்டு, தன் பொருளைச் செலவிட்டு 1920-களில் அங்கே கோயில் எழுப்பியவர். எழுப்பிய இடத்தில், ஆராதனையில் பெண்கள் பாட இடமில்லை என்றார்கள். அவர் பெண்களைத் திரட்டித் தனியே ஆராதனை நடத்தினார். 1940 வாக்கில் கட்சிகள் ஒன்றாகி, பெண்களும் பாட வழி ஏற்பட்டது. சென்னையில் இருந்த வீட்டையும் நகைகளையும் விற்றவர், கடைசிக் காலத்தைத் திருவையாற்றிலேயே கழித்து 1952-இல் மறைந்தார்.

தை மாதத்துப் பகுளபஞ்சமியன்று க்ளியோ திருவையாற்றில் உட்கார்ந்திருக்கிறாள். ஆண்களும் பெண்களும் எதிரெதிர் வரிசையில் பஞ்சரத்தினம் பாடுகிறார்கள். சமாதியை நோக்கிக் கைகூப்பி அமர்ந்திருக்கும் நாகரத்தினம்மாவின் சிலை அங்கே இருக்கிறது. க்ளியோ சுருளை விரித்து, பக்கத்துப் பெண்ணிடம் ஒரு பேனா இரவல் கேட்கிறாள். கூத்தனூரில் பூஜையில் வைத்து எடுத்த பேனாவாம்.