சைக்கோபதி: சிகிச்சை முயற்சிகளின் வரலாறு

பிறர் துன்பம் கண்டு இரங்காமை, தவறு செய்தும் உறுத்தாமை, கூசாமல் பொய் சொல்லி ஆட்களை வளைத்தல் ஆகியவை சேர்ந்த ஆளுமைக் கோளாறு சைக்கோபதி. இது தீராது என்ற எண்ணம் மருத்துவர்களிடையே நெடுநாள் வேரூன்றியிருந்தது. அதை உறுதிப்படுத்தியதில் கனடாவில் நடந்த ஒரே ஒரு பரிசோதனைக்குப் பெரும்பங்கு உண்டு.

அறிவு தெளிவாக இருந்தும் வெறியாட்டம் ஆடும் நோயாளிகளைப் பற்றி பிரெஞ்சு மருத்துவர் பிலிப் பினெல் 1801இலேயே எழுதினார். அமெரிக்கரான ஹெர்வி கிளெக்லி 1941இல் வெளியிட்ட நூல் இன்றைய சித்திரத்தைத் தந்தது. சிகிச்சை பற்றி அவருக்கு நம்பிக்கை குறைவு. கனடிய உளவியலாளர் ராபர்ட் ஹேர் உருவாக்கிய 20 கூறுகள் கொண்ட மதிப்பீட்டுப் பட்டியல் வந்த பிறகுதான் யாரைச் சைக்கோபத் என்பது என்பதில் ஆய்வாளர்களுக்குள் ஓரளவு உடன்பாடு ஏற்பட்டது. மொத்தம் 40 மதிப்பெண். வட அமெரிக்காவில் 30 எடுத்தால் சைக்கோபத்.

அந்தப் பரிசோதனை நடந்த இடம் கனடாவின் ஆன்டாரியோ மாகாணத்தில் இருந்த ஓக் ரிட்ஜ் என்ற கடுங்காவல் மனநல மருத்துவமனை. 1960களின் நடுவில் அங்கு வந்த மனநல மருத்துவர் எலியட் பார்க்கர், நோயாளிகளே ஒருவருக்கொருவர் சிகிச்சை தரும் முறையைத் தொடங்கினார். ஜன்னலில்லாத சிறு அறையில் அவர்கள் ஆடையின்றி நாள்கணக்கில் அடைக்கப்பட்டார்கள். உணவு, சுவரில் பொருத்திய குழாய் வழியே திரவமாக வந்தது. எல்எஸ்டி போன்ற போதை மருந்துகளும் கொடுக்கப்பட்டன. மார்னி ரைஸ், கிராண்ட் ஹாரிஸ் குழுவினர் பழைய கோப்புகளை ஆராய்ந்து 1992இல் முடிவை வெளியிட்டார்கள். சிகிச்சை பெற்ற சைக்கோபத்களில் 77 விழுக்காட்டினர் மீண்டும் வன்முறையில் இறங்கியிருந்தார்கள். பெறாதவர்களில் 55 விழுக்காடுதான். மற்ற குற்றவாளிகளிடமோ அதே சிகிச்சை வன்முறையை 39இலிருந்து 22 விழுக்காடாகக் குறைத்திருந்தது. பிறர் மனத்தைப் படிக்க இங்கே கற்றுக்கொண்டதைச் சைக்கோபத்கள் குற்றத்துக்குப் பயன்படுத்தினார்கள் என்பது ஆய்வாளர்களின் ஊகம்.

சிகிச்சை இவர்களை மேலும் கெடுக்கும் என்ற பேச்சு இதிலிருந்து பரவியது. ஆன்டாரியோ நீதிபதி ஒருவர் 2017இல் சித்திரவதை என்றே குறிப்பிட்ட ஓக் ரிட்ஜ் முறையின் தோல்வியை எல்லாச் சிகிச்சைக்கும் பொருத்தியது விந்தைதான்.

சிகிச்சை பலிக்குமா என்ற கேள்வி சட்டத்திலும் எழுந்தது. இங்கிலாந்தின் 1983ஆம் ஆண்டு மனநலச் சட்டப்படி, நிலைமை சீர்ப்படவோ மேலும் மோசமாகாதிருக்கவோ சிகிச்சை உதவும் என்றால்தான் இத்தகையோரைச் சிகிச்சைக்காக மருத்துவமனையில் கட்டாயமாக வைக்க முடிந்தது. ஆபத்தானவர் என்று தெரிந்தும் இந்த விதியால் வெளியே விட நேர்கிறது என்ற சர்ச்சை கிளம்பியது. 2007இல் விதி கைவிடப்பட்டது.

அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் 1995இல் தொடங்கிய மெண்டோட்டா இளையோர் சிகிச்சை மையம் வேறு வழியில் போனது. தண்டிக்கத் தண்டிக்க முரண்டு கூடுகிறது என்று கண்டு, அந்தச் சுழலை அறுக்க முனைந்தார்கள். பையனின் நடத்தைக்கு அன்றன்று மதிப்பெண். மறுநாள் சலுகை அதைப் பொறுத்தது. மைக்கேல் கால்டுவெல் குழுவின் ஆய்வில், சைக்கோபதிக் கூறுகள் மிகுந்த இளைஞர்களில் வழக்கமான சீர்திருத்த நிலையங்களிலிருந்து வெளிவந்தவர்கள், இங்கிருந்து போனவர்களைவிட ஏறத்தாழ இரு மடங்கு வன்முறைக் குற்றங்களுக்குத் திரும்பினார்கள். இரக்கம் சுரந்ததா என்பதல்ல, அடிதடி குறைந்ததா என்பதே இங்கே அளவுகோல். பெரியவர்களிடம் இவ்வளவு தெளிவான பலன் இன்னும் காட்டப்படவில்லை. சைக்கோபதிக்கென்று அங்கீகரிக்கப்பட்ட மருந்தும் கிடையாது.