முன்பின் தெரியாதவர் வீட்டில் தங்கி உலகம் சுற்றலாம்: உண்மையிலேயே இலவசமா?

பாரிஸுக்கு விமான டிக்கெட் விலையைப் பார்த்து மனதைத் தேற்றிக்கொண்டு, அடுத்து ஹோட்டல் வாடகையைப் பார்த்ததும் லேப்டாப்பை மூடியிருக்கிறீர்களா? அப்போது நண்பர் ஒருவர், ‘கவுச்சர்ஃபிங் ட்ரை பண்ணிப் பாரேன், ஃப்ரீதான்’ என்று சொல்லியிருக்கலாம். அவர் சொன்னது பாதி சரி.

அந்த ஊர்க்காரர் ஒருவர் தன் வீட்டு சோஃபாவையோ காலி அறையையோ சில இரவுகளுக்கு உங்களுக்குத் தருகிறார். வாடகை வாங்க மாட்டார். பதிலுக்கு நீங்கள் தருவது நேரம். உட்கார்ந்து பேச வேண்டும், முடிந்தால் ஒருநாள் சாம்பார் வைத்துத் தர வேண்டும். இரவு பதினொரு மணிக்கு வந்து படுத்து, காலையில் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்புவதுதான் திட்டம் என்றால் ஹாஸ்டலே மேல்.

இந்த யோசனை இணையத்துக்கு முந்தையது. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு, 1949-ல் டென்மார்க்கில் ‘செர்வாஸ்’ தொடங்கியது. வெவ்வேறு நாட்டவர் ஒரே மேஜையில் சாப்பிட்டால் பகை குறையும் என்பதுதான் அதன் அடிப்படை. இன்றும் அது இயங்குகிறது. நேர்காணல் செய்துதான் உறுப்பினராகச் சேர்ப்பார்கள்.

கவுச்சர்ஃபிங்கின் கதை வேறு. 1999-ல் கேஸி ஃபென்டன் என்ற அமெரிக்க இளைஞர் ஐஸ்லாந்துக்கு மலிவு டிக்கெட் வாங்கினார், தங்க இடமில்லை. ஐஸ்லாந்து பல்கலைக்கழக மாணவர்கள் சுமார் 1,500 பேருக்கு மின்னஞ்சல் அனுப்பினார். 50-க்கும் மேற்பட்டோர் ‘வாங்க’ என்றார்கள். 2004-ல் இணையதளம் வந்தது. தன்னார்வலர்கள் வளர்த்த அந்தத் தளம் 2011-ல் முதலீடு வாங்கி லாப நோக்கு நிறுவனமாக மாறியது. 2020 மே மாதம், ஊரடங்கின் நடுவில், உறுப்பினர் கட்டணமும் வந்தது. இலவசமாக வீட்டைத் திறந்துவைத்தவர்களிடமே காசு கேட்டதில் பலருக்குக் கோபம், நியாயமான கோபம்தான். பிவெல்கம், ட்ரஸ்ட்ரூட்ஸ் ஆகிய லாப நோக்கற்ற தளங்களில் இன்றும் கட்டணம் இல்லை. மிதிவண்டியில் பயணிப்பவர்களுக்கு வார்ம்ஷவர்ஸ் இருக்கிறது.

ரிவ்யூவை எவ்வளவு நம்பலாம்?

இங்கேதான் கொஞ்சம் நிதானிக்க வேண்டும். மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2009-ல் கவுச்சர்ஃபிங் தரவுகளை ஆராய்ந்தபோது, 2,500 நல்ல அனுபவங்களுக்கு ஒரு மோசமான அனுபவம் என்ற விகிதத்தில்தான் பதிவாகியிருந்தது. உலகம் அவ்வளவு நல்லதா என்ன? இருவரும் ஒருவரைப் பற்றி ஒருவர் எழுதும் அமைப்பு இது. நீங்கள் குறை எழுதினால் அவரும் எழுதுவார். இலவசமாகச் சோறு போட்டவரைத் திட்ட மனமும் வராது. அதனால் பலர் எதுவும் எழுதாமலே விட்டுவிடுவார்கள்.

இத்தாலியின் பதுவா நகரில் பயணிகளைத் தங்கவைத்த ஒருவர், மயக்க மருந்து கொடுத்து 16 வயதுப் பெண்ணைப் பாலியல் வன்கொடுமை செய்ததற்காக 2015-ல் தண்டிக்கப்பட்டார். அவர் ஒரு காவலர்.

ஆகவே நட்சத்திரங்களை எண்ணாதீர்கள். தனியாகப் போன பெண்கள் என்ன எழுதியிருக்கிறார்கள், எதை எழுதாமல் விட்டிருக்கிறார்கள் என்று படியுங்கள். பெண்களை மட்டுமே தங்கவைக்கும் ஆண்களைத் தவிர்த்துவிடுங்கள். கிளம்பும் முன் வீடியோ காலில் பேசுங்கள், முகவரியை வீட்டில் ஒருவருக்கு அனுப்புங்கள். நள்ளிரவில் வெளியேற நேர்ந்தால் ஒரு ஹோட்டல் அறைக்கான பணம் கார்டில் இருக்கட்டும். அதுகூட இல்லை என்றால் இந்தப் பயணம் இப்போதைக்கு வேண்டாம்.

இந்திய பாஸ்போர்ட்டில் என்ன சிக்கல்?

ஷெங்கன் விசாவுக்கு எங்கே தங்குகிறீர்கள் என்பதற்கு ஆதாரம் காட்ட வேண்டும். தனிநபர் வீடு என்றால் பிரான்சில் அவர் தன் ஊர் நகராட்சி அலுவலகத்துக்குப் போய், 30 யூரோ கட்டி, வரவேற்புச் சான்று வாங்கித் தர வேண்டும். முகம் பார்க்காத ஒருவருக்காக இதை யார் செய்வார்? நடைமுறையில் சில இரவுகளுக்காவது காசு கொடுத்து அறை எடுப்பதைத் திட்டத்திலேயே சேர்த்துக்கொள்ளுங்கள். விசாவுக்காகப் புக் செய்து, மறுநாள் கேன்சல் செய்யும் வேலை வேண்டாம். தாக்கல் செய்த திட்டமும் உண்மைப் பயணமும் வேறுவேறாக இருந்தால், எல்லையில் பதில் சொல்ல வேண்டியது நீங்கள்தான்.

வொர்க்கவே, வூஃப் போன்றவற்றை இதோடு குழப்பிக்கொள்ளாதீர்கள். அங்கே தங்குமிடத்துக்குப் பதில் உழைப்பு. சுற்றுலா விசாவில் போய்த் தோட்ட வேலை செய்வதைப் பல நாடுகள் சட்டவிரோத வேலையாகவே பார்க்கின்றன.

வெளிநாட்டவரை உங்கள் பெங்களூரு ஃபிளாட்டில் தங்கவைக்கிறீர்களா? 24 மணி நேரத்துக்குள் எஃப்.ஆர்.ஆர்.ஓ. இணையதளத்தில் தெரிவிக்க வேண்டும். ‘ஃபார்ம் சி’ என்று பலகாலமாக அழைக்கப்படுவது இதுதான். ஹோட்டல்களுக்கு மட்டும்தான் என்று நினைத்துப் பலரும் இதை விட்டுவிடுகிறார்கள். வாடகை வீடு என்றால் ஓனரிடமும் முதலிலேயே ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.