இழப்பீடு வேண்டாம் என்ற இலங்கை



'ஜப்பான்காரன் காலம்' என்ற பேச்சு எழுந்தால், அதைக் கண்ட நம் தோட்டத்துப் பெரியவர்கள் சட்டென்று மௌனமாகிவிடுவதை நாம் பார்த்திருக்கிறோம். 1942, 1943ஆம் ஆண்டுகளில் சயாமையும் பர்மாவையும் இணைக்க 415 கிலோமீட்டர் நீளத்துக்கு ரயில் பாதை போடப்பட்டது. நம் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர்கள் அங்கே கொண்டு செல்லப்பட்டார்கள். பேதியிலும் காய்ச்சலிலும் மாண்டவர்கள் போக, திரும்பியவர்கள் கொஞ்சம்தான். அப்படிப்பட்ட பகையை ஒரு நாடு மன்னிக்க முடியுமா? நாட்டுப்பற்று உள்ளவன் அதற்கு உடன்படலாமா?

1951 செப்டம்பரில் அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ நகரில் இந்தக் கேள்வி எழுந்தது. ஜப்பானோடு சமாதான உடன்படிக்கை செய்துகொள்ள உலக நாடுகள் அங்கே கூடின. மலாயாவுக்குத் தனி இடமில்லை. நாம் அன்று பிரிட்டிஷாரின் ஆட்சியில் இருந்தோம். 1948இல் விடுதலை பெற்ற இலங்கையோ தன் குரலிலேயே பேசிற்று. பேசியவர் நிதியமைச்சர் ஜே. ஆர். ஜெயவர்த்தனா.

இலங்கைக்கும் கணக்குத் தீர்க்க வேண்டியது இருந்தது. 1942 ஏப்ரலில் கொழும்பிலும் திருகோணமலையிலும் ஜப்பானிய விமானங்கள் குண்டு வீசின. அந்தச் சேதத்தோடு இன்னொன்றையும் அமைச்சர் குறிப்பிட்டார். மலாயா வீழ்ந்த பிறகு நேச நாடுகளுக்கு ரப்பர் பெரும்பாலும் இலங்கையிலிருந்தே போக வேண்டியிருந்தது. மரத்தின் ஆயுளைப் பாராமல் பட்டையைச் சீவித் தள்ளினார்கள். பால்மரத்தோடு வாழ்ந்தவர்களுக்கு அதன் பொருளை நாம் விளக்கவேண்டியதில்லை!

இவற்றுக்கெல்லாம் இழப்பீடு கேட்க இலங்கைக்கு உரிமை உண்டு, ஆனால் கேட்கப் போவதில்லை என்றார் அவர். பகை பகையால் தணியாது, அன்பினால்தான் தணியும் என்னும் புத்தர் வாக்கை அதற்குக் காரணமாகக் காட்டினார். ஜப்பானின் சுதந்திரத்துக்கு வரம்பு கட்ட முயன்ற சோவியத் யோசனைகளையும் எதிர்த்தார். இதைக் கேட்டு இலங்கையைக் கோழை நாடு என்று எவரும் எண்ணவில்லை. சின்னஞ்சிறு நாடு தன் சமயத்தின் பேரால் நிமிர்ந்து நின்றது என்றுதான் மதித்தார்கள்.

அந்த வாக்கு தம்மபதத்தில் உள்ளது. பௌத்த நூல்களில் அதையொட்டி ஒரு கதையும் உண்டு. கோசல மன்னன் தீகீதியைக் காசி மன்னன் பிரமதத்தன் நாட்டைப் பறித்துக் கொன்றுவிட்டான். மகன் தீகாவு மாறுவேடத்தில் காசி மன்னனிடமே வேலைக்குச் சேர்ந்தான். ஒருநாள் காட்டில் மன்னன் அவன் மடியில் தலைவைத்து உறங்கினான். இளைஞன் மும்முறை வாளை உருவினான். தந்தையின் கடைசிச் சொல்லை நினைத்து மும்முறையும் உறையில் இட்டான். விழித்த மன்னன் உண்மையறிந்து நாட்டைத் திருப்பித் தந்தான். கவனியுங்கள்: மன்னித்தவன் அடிபட்டவனே, அவனுக்காக வேறொருவர் மன்னிக்கவில்லை.

இங்கேதான் நம் மனம் சற்றுத் தயங்குகிறது. இலங்கையில் அந்த மரங்களைச் சீவிய கைகளில் தோட்டத் தமிழரின் கைகளும் உண்டு. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தால் அவர்களில் பல லட்சம் பேர் நாடற்றவர் ஆனார்கள். சட்டம் கொண்டுவந்த அமைச்சரவையில் ஜெயவர்த்தனாவும் இருந்தார். 1983 ஜூலையில் தமிழர்மீது பெருங்கொடுமை நிகழ்ந்தபோது ஜனாதிபதியும் அவரே. கடல் கடந்த பகைவனிடம் காட்டிய பெருந்தன்மை பக்கத்து லயத்துக்கு எட்டவில்லையே என்ற வருத்தம் நமக்கு உண்டு. அதற்காக 1951இல் சொன்னது பொய்யாகிவிடாது. சொன்னவரையும் அந்தச் சொல்லாலேயே அளக்கிறோம், அவ்வளவுதான். எஞ்சியிருந்தவர்களுக்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் 2003இல்தான் வந்தது.

நம் நாட்டுக் கணக்கு வேறு விதமாக முடிந்தது. 1967இல் ஜப்பான் மலேசியாவுக்கு இரண்டரைக் கோடி வெள்ளி மதிப்புள்ள உதவி தர உடன்பட்டது. அது கப்பல்களாக வந்தது. சயாமுக்குப் போய்த் திரும்பாதவரின் வீட்டுக்குப் பணமாக வரவில்லை.

ஜப்பானியர் ஜெயவர்த்தனாவை மறக்கவில்லை. காமகுராவில் பெரிய புத்தர் சிலை உள்ள கோயிலில் 1991இல் அவருக்கு நினைவுக்கல் நாட்டினார்கள். 1996இல் அவர் இறந்தபோது, தானமாக அளித்துச் சென்ற கண்களில் ஒன்று ஜப்பானுக்கு அனுப்பப்பட்டது.