மாட்டுங்கா இல்லங்கள் அடைந்த மாற்றம்

மாட்டுங்காவில் நம்மவர் குடியேறிய வரலாற்றை எழுதுவோர் கோயிலையும் பள்ளியையும் சங்கீத சபையையும் விரித்துரைப்பர். குடியிருந்த வீட்டைப் பற்றி எழுதுவோர் அரியர். அவ்வீட்டின் அடுக்களையும் கழிப்பிடமும் கண்ட மாற்றங்களை ஆராயப் புகுந்தால், நம் வாழ்க்கை மாறிய விதம் அங்கே புலனாகின்றது.

1896 ஆம் ஆண்டில் பம்பாயில் பிளேக் நோய் பரவிற்று. காற்றும் வெளிச்சமும் புகாத குடியிருப்புகளே அதற்கு இடங்கொடுத்தன என்று கருதிய அரசு, 1898 இல் நகர அபிவிருத்தி டிரஸ்டை நிறுவியது. டிரஸ்ட் வகுத்த தாதர்–மாட்டுங்கா திட்டம் 60,000 பேருக்கு இடமளிக்க எண்ணியது. கட்டடங்கள் மூன்று அடுக்குக்கு மேற்படலாகாது என்று விதித்தது. 1915 இல் மாட்டுங்கா ரயில்வே பணிமனை தோன்றியது. 1920களிலும் 30களிலும் எழுத்தர், தட்டச்சர் வேலைகளில் அமர்ந்த தென்னிந்தியர் இங்குத் திரளாகக் குடிவந்தனர்.

திண்ணை, ரேழி, கூடம், முற்றம், அடுக்களை என நீண்ட ஊர் வீட்டில் கழிப்பிடம் கொல்லைக் கோடியில் இருந்தது. பல வீடுகளில் இல்லவும் இல்லை. மாட்டுங்கா பிளாக்கிலோ அஃது அடுக்களைக்குச் சில அடி தூரத்திலேயே அமைந்தது. ஆசாரம் பேணிய மூத்தோருக்கு இது பெருஞ்சங்கடம். ஆயினும் சால்களின் பொதுக் கழிப்பிடத்தில் வரிசையில் நிற்பதினும் இது மேல் என்று தேறினர். கட்டுவோரும் இக்குறிப்பறிந்து அதனை வீட்டின் பின்கோடியில் வைத்தனர். சுத்தஞ் செய்வோர் வீட்டினுள் நடவாமலே ஏறியிறங்கச் சில கட்டடங்களின் பின்புறம் தனிப் படிக்கட்டும் அமைந்தது. விழா மலர்களில் அப்படிக்கட்டு இடம்பெறுவதில்லை. பெட்டி படுக்கையோடு ஊரின் தீட்டையும் நாம் ரயிலேற்றிக் கொணர்ந்தோம் என்பதற்கு அது சாட்சி. இருப்புப் பாதைக்கு அப்பால், தாராவியில் குடியேறிய திருநெல்வேலித் தமிழருக்கோ வீட்டுக்கொரு கழிப்பிடம் என்ற பேச்சே எழவில்லை.

பின்னர் வந்த மாற்றங்கள் விரைவானவை. தரையில் அமர்ந்து சமைத்தது போய் மேடை வந்தது. கரியடுப்பு போய் எரிவாயு வந்தது. ஆட்டுக்கல் இருந்த மூலையில் சலவை இயந்திரம் நின்றது. பால்கனியைக் கண்ணாடியிட்டு அடைத்து மகனுக்கும் மருமகளுக்கும் அறை செய்தோம். முழங்கால் மடங்காத பாட்டிக்காக மேனாட்டுக் கழிப்பிடம் வைத்தோம்.

இத்தனையும் வீட்டினுள். வெளிச்சுவரைக் கவனிப்பார் யார்? 1947 ஆம் ஆண்டின் வாடகைச் சட்டம் 1940 செப்டம்பர் 1 அன்றைய வாடகையையே அளவுகோலாக்கிற்று. 1999 இன் சட்டமும் ஆண்டுக்கு நூற்றுக்கு 4 உயர்த்தவே இடந்தந்தது. அதனால் குடியிருப்போர் பிழைத்தோம். வீட்டுக்காரரோ சுண்ணாம்பு பூசவும் மனம் வையார். இரு சாராரும் ஒருவரையொருவர் நோக்கி நிற்க, மழை தன் வேலையைச் செய்தது.

நம் பங்கும் இதில் உண்டு. குளியலறைக்குப் பளபளக்கும் ஓடு பதிப்போர் அதன் அடியிலுள்ள நீர்க்கசிவை நோக்குவதில்லை. கசியும் நீர் காங்கிரீட்டினுள் உள்ள கம்பியைத் துருப்பிடிக்கச் செய்கிறது. துரு பருத்துக் காங்கிரீட்டைப் பிளக்கிறது. மேல்வீட்டின் புதுமை கீழ்வீட்டின் கூரையைத் தின்கிறது! கூடத்தைப் பெரிதாக்கச் சுவரை இடிப்போர், அது பாரந் தாங்கும் சுவரா என்று பொறியாளரைக் கேட்பதில்லை, வண்ணம் பூசுபவரைக் கேட்கின்றனர்.

இன்று இக்கட்டடங்கள் பல இடிக்கப்பட்டு, அவ்விடத்தில் உயர் மாடிகள் எழுகின்றன. நாம் இதனை எதிர்ப்பதற்கில்லை. மின்தூக்கி இல்லாத மூன்றாம் அடுக்கில், ஜன்னலோரமே உலகமாய் இருக்கும் மூத்தோர் நம்மிடையே உளர். ஆயின் வீட்டைக் காலி செய்யுமுன் ஒரு ஞாயிற்றுக்கிழமை அளவுநாடா பிடித்து அதன் படத்தை வரைந்து சங்கத்திற்கு அளிக்குமாறு அன்பர்களை வேண்டுகிறோம். கூடம் எத்தனை அடி, அடுக்களை எத்திசை, பூஜை அலமாரி எங்கே என்று குறித்தால் போதும். பின்படிக்கட்டு உள்ள கட்டடமாயின் அதனையும் அப்படத்தில் குறிக்க வேண்டும்.